படையெடுப்புக்கு முன்னும் பின்னும்: இறப்புக் கணக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2003 மார்ச் 20 அன்று அமெரிக்கா தலைமையிலான படைகள் ஈராக்குக்குள் நுழைந்தன. அதன் பிறகு வந்த மூன்றே கால் ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் ஒருவர் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு என்கிறார், ஒருவர் ஒன்றரை லட்சம் என்கிறார், இன்னொருவர் ஆறரை லட்சம் என்கிறார். மூவர் கையிலும் ஓர் ஆய்வு இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் என்னிடம் வந்த சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதில் இன்னொன்றின் மேல் நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

போரில் இறந்தவர்களை நேரடியாக எண்ணிவிட வேண்டியதுதானே? "முன்", "பின்" என்று எதற்கு ஒப்பிட வேண்டும்?

எண்ணுவதற்கு ஆள் வேண்டும், பதிவேடு வேண்டும், பதிவேட்டை ஓரிடத்தில் சேர்க்கும் அலுவலகம் வேண்டும். போர் முதலில் குலைப்பது இவற்றைத்தான். ஆக்கிரமித்த தரப்பும் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. நாங்கள் உடல்களை எண்ணுவதில்லை என்று அமெரிக்கத் தளபதி டாமி ஃபிராங்க்ஸ் 2002இல் ஆப்கானிஸ்தானில் சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததே.

இன்னொரு காரணம் முக்கியமானது. குண்டு விழுந்து இறந்தவரைப் போரில் இறந்தவர் என்று எண்ணலாம். மின்சாரம் நின்று சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம் ஓடாததால் இறந்தவரை என்னவென்று எண்ணுவது? சோதனைச் சாவடியில் வாகனம் நிறுத்தப்பட்டதால் பிரசவத்தில் இறந்த பெண்ணை? அவர்கள் உடலில் போரின் அடையாளம் எதுவும் இருக்காது. மொத்த இறப்பு விகிதம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தால் மட்டுமே அவர்கள் கணக்கில் வருவார்கள். அந்த உயர்வைத்தான் மிகை இறப்பு என்கிறோம்.

"ஆயிரத்துக்கு 5.5" என்கிறார்களே, அது எதில் ஆயிரம்?

ஆயிரம் பேர் ஓராண்டு வாழ்ந்தால் அவர்களில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதே அது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓராயிரம் வீடுகளில் 7,000 பேர் இருக்கிறார்கள். படையெடுப்புக்கு முந்தைய 14 மாதங்களில் அந்த வீடுகளில் 45 பேர் இறந்தார்கள். பிந்தைய 40 மாதங்களில் 310 பேர் இறந்தார்கள். இறப்பு ஏழு மடங்காகிவிட்டது என்று ஒரு செய்தித் தலைப்பு எழுதிவிடலாம். அது தவறு, ஏனென்றால் இரண்டு காலங்களின் நீளம் வேறு.

7,000 பேர் 14 மாதம் என்பது சுமார் 8,170 ஆள்-ஆண்டுகள். 45ஐ அதனால் வகுத்தால் ஆயிரத்துக்கு 5.5 வரும். 7,000 பேர் 40 மாதம் என்பது சுமார் 23,330 ஆள்-ஆண்டுகள். 310ஐ அதனால் வகுத்தால் 13.3. உயர்வு ஏழு மடங்கல்ல, 2.4 மடங்கு. வீடுகளும் இறப்புகளும் கற்பனை என்றாலும் 5.5, 13.3 ஆகிய விகிதங்கள் கற்பனையல்ல. 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஈராக் ஆய்வின் விகிதங்கள் அவை.

ஆயிரத்துக்கு ஐந்து என்பது ஐரோப்பாவைவிடக் குறைவு. சதாமின் ஈராக் அவ்வளவு ஆரோக்கியமான நாடா? இங்கேயே பொய் தெரிகிறதே!

நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்கள் இதோடு ஆய்வு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் இறப்பு விகிதம் ஆயிரத்துக்குப் பத்தை ஒட்டி இருப்பதற்குக் காரணம் அங்கே முதியவர்கள் அதிகம் என்பது. ஈராக்கில் அப்போது பத்துப் பேரில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். இளைஞர்கள் நிறைந்த நாட்டில், மருத்துவ வசதி சுமாராக இருந்தாலும், மொத்த இறப்பு விகிதம் குறைவாகவே இருக்கும்.

ஆகவே ஒரு நாட்டின் விகிதத்தை இன்னொரு நாட்டின் விகிதத்தோடு நேராக ஒப்பிட்டு எதையும் நிறுவ முடியாது. அதே நாட்டை அதே நாட்டோடு, சில ஆண்டு இடைவெளியில் ஒப்பிடுவதன் பயனே இதுதான். மூன்று நான்கு ஆண்டுகளில் மக்களின் வயதுக் கட்டமைப்பு பெரிதாக மாறிவிடாது.

நாடு முழுவதும் போகாமல், சில வீடுகளில் கேட்டுவிட்டு லட்சக்கணக்கில் எண் சொல்வது எப்படி நியாயம்?

2004 செப்டம்பரில் நடந்த முதல் லான்செட் ஆய்வில் 33 கொத்துகள் (அருகருகே உள்ள வீடுகளின் தொகுப்புகள்), கொத்துக்கு 30 வீடுகள் என்று திட்டமிட்டு 988 வீடுகளில் கேட்டார்கள்; அவற்றில் 7,868 பேர் இருந்தார்கள். 2006 ஆய்வில் 47 கொத்துகள், 1,849 வீடுகள், 12,801 பேர். இடங்களை ஆய்வாளர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்காமல், மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்போடு குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், சில ஆயிரம் பேரிடம் கிடைக்கும் விகிதம் நாட்டின் விகிதத்தை ஒட்டியே வரும். குழந்தைகளின் எடை, தடுப்பூசி, பள்ளிப் படிப்பு என்று உலகம் நம்பும் எத்தனையோ புள்ளிவிவரங்கள் இதே வழியில் வந்தவை.

விகிதம் கிடைத்த பிறகு பெருக்கல் எளிது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். 13.3இல் 5.5 போனால் 7.8. மக்கள்தொகை சுமார் 2.6 கோடி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் மிகை இறப்பு. மூன்று ஆண்டு நான்கு மாதத்துக்கு ஆறே முக்கால் லட்சம் வரும். ஒவ்வொரு காலப்பகுதிக்கும் தனித்தனியே கணக்கிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட எண் 6,54,965. இந்த எண்ணில் மாயம் ஏதுமில்லை. சண்டை போட வேண்டிய இடம் பெருக்கல் அல்ல, விகிதம்.

முதல் ஆய்வு "8,000 முதல் 1,94,000 வரை" என்றது. இப்படிச் சொல்வதற்குச் சொல்லாமலே இருக்கலாமே?

அந்த ஆய்வின் மைய மதிப்பீடு 98,000. அதன் நம்பக இடைவெளிதான், அதாவது உண்மை எண் பெரும்பாலும் அடங்கியிருக்கும் எல்லைதான், நீங்கள் சொல்லும் 8,000 முதல் 1,94,000. அகலம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளிக்குள் எல்லா எண்களும் சமமான வாய்ப்புள்ளவை என்று நினைப்பது பெரும் பிழை. நடுவில் வாய்ப்பு மிகுதி, ஓரங்களில் மிகக் குறைவு. எட்டாயிரமாகவும் இருக்கலாம் என்று சொல்பவர், ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிநாலாயிரமாகவும் இருக்கலாம் என்பதை அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானோர் தங்களுக்குப் பிடித்த ஓரத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த இடைவெளி பூஜ்யத்தைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். இறப்பு உயர்ந்தது என்பதில் 988 வீடுகளே போதிய சான்று தந்துவிட்டன. எவ்வளவு உயர்ந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லத்தான் அவை போதவில்லை.

ஃபலூஜாவைச் சேர்த்தார்களா, விட்டார்களா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்களே.

முதல் ஆய்வின் 33 கொத்துகளில் ஒன்று, கடும் சண்டை நடந்த ஃபலூஜா நகரில் விழுந்தது. ஆய்வில் பதிவான வன்முறைச் சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே கொத்தில் இருந்தது. அதைச் சேர்த்தால் படையெடுப்புக்குப் பிந்தைய விகிதம் 12.3, விட்டால் 7.9. முந்தைய விகிதம் 5.0. ஆய்வாளர்கள் அதை விட்டுவிட்டுத்தான் 98,000 என்ற எண்ணை முன்வைத்தார்கள். அதாவது, அவர்கள் தேர்ந்தெடுத்தது தங்கள் தரவின் தாழ்ந்த வடிவத்தை.

குண்டுவீச்சு நாடெங்கும் சமமாகப் பரவி விழுவதில்லை. ஒரு தெரு தரைமட்டமாகும், அடுத்த ஊர் அமைதியாக இருக்கும். கொத்து மாதிரிக்கு இது பெரும் தலைவலி. அப்படிப்பட்ட ஒரு தெரு மாதிரியில் விழாவிட்டால் மதிப்பீடு குறைந்துபோகும், விழுந்துவிட்டால் பெருத்துப்போகும். சென்ற பதிலில் பார்த்த அகலமான இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம் இது. தீர்வு ஒன்றுதான்: கொத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

ஒரே காலத்துக்கு ஒருவர் ஆறரை லட்சம் என்கிறார், உலகச் சுகாதார நிறுவனம் ஒன்றரை லட்சம் என்கிறது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்?

முதலில் இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. 2008 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, ஈராக் சுகாதார அமைச்சகமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 9,345 வீடுகளில் நடத்தியது. அது சொன்ன 1,51,000 என்பது வன்முறைச் சாவுகள் மட்டும். இடைவெளி 1,04,000 முதல் 2,23,000 வரை. லான்செட்டின் ஆறரை லட்சம் எல்லா வகை மிகை இறப்புகளையும் சேர்த்தது. அதில் வன்முறைச் சாவுகள் சுமார் 6,01,000. ஒப்பிட வேண்டுமானால் 6,01,000ஐயும் 1,51,000ஐயும் ஒப்பிட வேண்டும். அப்போதும் வேறுபாடு நான்கு மடங்கு. அதை மழுப்ப முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதே அமைச்சக ஆய்வில் மொத்த இறப்பு விகிதம் முன்பு 3.17, பின்பு 6.01. மேலே போட்ட அதே எளிய பெருக்கலைப் போட்டால், எந்தத் திருத்தமும் செய்யாமலேயே ஏறத்தாழ இரண்டரை லட்சம் மிகை இறப்பு வருகிறது. இது என் கணக்கு. ஆய்வாளர்கள் தலைப்பாக்கிய எண் அல்ல. ஆனால் 1,51,000 மட்டுமே போரின் விலை என்று அந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் மறுபாதியைப் படிக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

நான்கு மடங்கு வேறுபாட்டுக்கு இரு பக்கமும் காரணங்கள் உண்டு. அமைச்சகத்தின் குழு திட்டமிட்ட 1,086 கொத்துகளில் 115க்குப் போக முடியவில்லை. அவை பெரும்பாலும் மிக ஆபத்தான பகுதிகள். அங்கே என்ன நடந்திருக்கும் என்பதைப் பத்திரிகைச் செய்திகளின் விகிதத்தை வைத்து நிரப்பினார்கள். அரசு ஊழியர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது, மகன் சுட்டுக் கொல்லப்பட்டான் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்களா என்பதும் கேள்வி. மறுபக்கம், 2006 லான்செட் ஆய்வு பெரிய சாலைகளைத் தேர்ந்து, அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்களில் வீடுகளைப் பிடித்தது. கார் குண்டும் ரோந்துப் படையும் அதிகம் இருந்த இடங்களுக்கு அருகில் உள்ள வீடுகள் கூடுதலாக மாதிரிக்குள் வந்துவிட்டன என்று 2008இல் ஓர் ஆய்வுக் குழு வாதிட்டது. என் தீர்ப்பைக் கேட்டால், வன்முறைச் சாவுகளின் அளவுக்கு நான் 9,345 வீடுகளின் பக்கம் சாய்கிறேன், அது குறைமதிப்பீடு என்ற எச்சரிக்கையோடு.

2006 ஆய்வை நடத்தியவர்மீது நடவடிக்கை எடுத்தார்களே. அப்படியானால் அது குப்பைதானே?

2009 பிப்ரவரியில் அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கம், தலைமை ஆய்வாளர் கில்பர்ட் பர்ன்ஹாம் தன் முறைகள் பற்றிய அடிப்படை விவரங்களைத் தர மறுத்தார் என்று கண்டித்தது. அதே ஆண்டில் அவருடைய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், ஒப்புதல் பெற்ற படிவத்துக்கு மாறாகப் பெயர்களைப் பதியும் படிவம் களத்தில் பயன்பட்டதைக் கண்டறிந்து, மனிதர்களைக் கொண்ட ஆய்வுகளுக்கு அவர் தலைமை ஏற்கும் உரிமையை நிறுத்திவைத்தது. இரண்டும் கடுமையான குறைகள். தரவைத் திறந்து காட்டாத ஆய்வை முழுமையாக நம்பச் சொல்லி நான் யாரையும் கேட்க மாட்டேன்.

ஆனால் அந்த ஆய்வு வெளிவந்தபோது பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைமை அறிவியல் ஆலோசகர், அதன் முறை உறுதியானது என்றே அரசுக்குள் குறிப்பு எழுதினார். 2007இல் அந்தக் குறிப்பு வெளியே வந்தது. அதே நேரத்தில் அரசியல் தலைவர்கள் மேடையில் அந்த எண்ணை நம்பத் தகாதது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முறை சரி என்பதும், அந்த முறை களத்தில் பின்பற்றப்பட்ட விதம் ஐயத்துக்குரியது என்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

ஈராக் பாடி கவுண்ட் பெயர் பெயராக எண்ணுகிறது. அதன் எண் ஏன் இவ்வளவு குறைவு?

அது செய்திகளில் வந்த பொதுமக்கள் சாவுகளைத் தொகுக்கும் பட்டியல். 2006 ஜூன் வரையிலான காலத்துக்கு அதன் எண்ணிக்கை சுமார் 47,700. ஒவ்வொரு பதிவுக்கும் ஆதாரம் இருப்பதால் அது உறுதியான கீழ் எல்லை. நிருபர் போக முடியாத ஊரில் இறந்தவரும், இரவில் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவரும் அதில் இருக்க மாட்டார்கள். நோயால் இறந்தவர்கள் வரையறைப்படியே இல்லை.

2010இல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்க ராணுவத்தின் களக் குறிப்புகளில் 2004 முதல் 2009 வரை 1,09,032 சாவுகள் பதிவாகியிருந்தன. அவற்றில் 66,081 பேர் பொதுமக்கள். எண்ணுவதில்லை என்ற ராணுவம் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குறிப்புகளில், பத்திரிகைப் பட்டியலில் இல்லாத சுமார் 15,000 பொதுமக்கள் சாவுகள் இருப்பதாகப் பட்டியலைத் தொகுத்தவர்களே மதிப்பிட்டார்கள்.

"முன்" என்று 2002ஐ மட்டும் எடுப்பது ஏமாற்று வேலை இல்லையா? சதாம் கொன்றவர்களை எங்கே சேர்ப்பது?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். 1980 முதல் 1988 வரை ஈரானோடு போர். 1988இல் குர்துகளுக்கு எதிரான அன்ஃபால் படுகொலைகளில் மட்டும் 50,000 முதல் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் மதிப்பிட்டது. 1991இல் தெற்கிலும் வடக்கிலும் எழுந்த கிளர்ச்சிகள் இரத்தத்தில் அடக்கப்பட்டன. 1988ஐ "முன்" என்று வைத்தால் படையெடுப்புக்குப் பிந்தைய ஆண்டுகள் வேறு விதமாகத் தெரியும். அந்த மக்களின் சாவு உண்மையானது. எந்தக் கணக்கும் அதை மறைக்கக் கூடாது.

ஆனால் மிகை இறப்புக் கணக்கு ஓர் ஆட்சியின் மொத்தக் குற்றப் பட்டியல் அல்ல. படையெடுப்பு நடக்காமல் இருந்திருந்தால் அடுத்த மாதங்களில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடுவது அது. அதற்கு, பதினைந்து ஆண்டுக்கு முந்தைய போர்க் காலத்தைவிடப் படையெடுப்புக்குச் சற்று முந்தைய மாதங்களே நல்ல வழிகாட்டி. ஒரு புதிய கிளர்ச்சி வெடித்திருக்கலாம், அதுவும் அடக்கப்பட்டிருக்கலாம் என்று வாதிடலாம். அப்படி வாதிடுபவர் அதை அனுமானம் என்று ஒப்புக்கொண்டு வாதிட வேண்டும்.

படையெடுப்புக்கு முன் ஐ.நா. ஈராக்மீது விதித்திருந்த பொருளாதாரத் தடையால் ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்ததாகச் சொன்னார்களே. அப்படியானால் படையெடுப்பு குழந்தைகளைக் காப்பாற்றியது என்றுதானே ஆகும்?

"முன்" எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1999இல் யூனிசெஃப் வெளியிட்ட கணக்கெடுப்பு, ஈராக்கின் நடு, தெற்குப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 1980களின் பிற்பகுதியில் ஆயிரம் பிறப்புக்கு 56 ஆக இருந்தது, 1990களின் பிற்பகுதியில் 131 ஆகிவிட்டது என்றது. உலகம் அதிர்ந்தது. களப்பணியில் சதாம் அரசின் கை இருந்தது.

2003க்குப் பிறகு நடந்த பல பெரிய கணக்கெடுப்புகள் அதே ஆண்டுகளைத் தாய்மார்களிடம் மறுபடியும் கேட்டன. அந்த இரட்டிப்பு எதிலும் தென்படவில்லை; விகிதம் நாற்பதை ஒட்டியே இருந்திருக்கிறது. 131 என்பது திரிக்கப்பட்ட தரவு என்று 2017இல் பிஎம்ஜே குளோபல் ஹெல்த் இதழில் இரு மக்கள்தொகை ஆய்வாளர்கள் விரிவாக எடுத்துக்காட்டினார்கள்.

இதற்கிடையில் 2010இல், ஈராக் போர் குறித்த பிரிட்டன் விசாரணைக் குழுவின் முன், படையெடுப்பின்போது அந்நாட்டுப் பிரதமராக இருந்த டோனி பிளேர், முன்பு ஆயிரத்துக்கு 130 ஆக இருந்த குழந்தை இறப்பு இப்போது 40 ஆகிவிட்டது என்று சொல்லி, ஆண்டுக்கு ஐம்பதாயிரம் குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்ற பொருளில் வாதிட்டார். 40 சரியான எண். 130 இல்லாத எண். தடைகளை எதிர்த்தவர்கள் எடுத்து வைத்த பொய் எண்ணைக் கொண்டே, போரை ஆதரித்தவர் தன் போரை நியாயப்படுத்தினார்.

பழைய சாவுகளை மறந்திருப்பார்கள், புதியவற்றை மட்டும் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் உயர்வு போலத் தெரிகிறதா?

ஓரளவு, ஆம். படையெடுப்புக்கு முந்தைய விகிதம் ஆய்வுக்கு ஆய்வு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 2004இல் கேட்டபோது 5.0. 2006இல் 5.5. அமைச்சகத்தின் ஆய்வில் 3.17. 2011இல் 2,000 வீடுகளில் கேட்டு 2013இல் பிளோஸ் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில் 2.89. ஈராக் 2002இல் ஒரே நாடுதான்; மாறியது கேட்ட ஆண்டும், கேட்ட விதமும், நினைவும். முந்தைய சாவு மறக்கப்பட்டால் "முன்" விகிதம் தாழ்ந்து உயர்வு பெருத்துக் காட்டும். மறதி இரு காலத்தையும் ஒரே அளவில் அரித்தால், மொத்த எண்ணிக்கை குறைந்து, மடங்கு மட்டும் சரியாக நிற்கும்.

மடங்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குச் சற்று நம்பிக்கை வருகிறது. ஃபலூஜாவை விட்ட 2004 ஆய்வில் 1.6 மடங்கு. அமைச்சக ஆய்வில் 1.9. 2013 ஆய்வில் 2.89இலிருந்து 4.55, அதாவது 1.6, அது 2011 வரையிலான, அமைதி சற்றுத் திரும்பிய ஆண்டுகளையும் சேர்த்தது. 2006 ஆய்வு மட்டும் 2.4. ஆய்வாளர் வேறு, பணம் கொடுத்தவர் வேறு, ஆண்டு வேறு. எல்லாவற்றிலும் உயர்வு இருக்கிறது.

2006 ஆய்வில் குடும்பங்கள் இறப்புச் சான்றிதழைக் காட்டினார்கள் என்கிறார்கள். அப்படியானால் அத்தனை லட்சம் சான்றிதழ் அரசிடம் பதிவாகியிருக்க வேண்டுமே?

2006 ஆய்வில் பெரும்பாலான சாவுகளுக்குச் சான்றிதழ் கேட்கப்பட்டது. கேட்ட வீடுகளில் 92 சதவீதம் காட்டின. எளிய தர்க்கப்படி ஐந்து லட்சத்துக்கு மேல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். அரசின் மொத்தக் கணக்கு அதன் அருகில்கூட இல்லை. மருத்துவமனையில் சான்றிதழ் எழுதுவது ஒன்று, அதைத் தலைநகரில் தொகுப்பது வேறொன்று. இரண்டாவது போரில் குலைந்துபோயிருந்தது என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் இடைவெளியின் ஒரு பகுதியை விளக்குகிறது. முழுவதையும் விளக்குகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த எண்கள் எல்லாம் பொதுமக்கள்தானே?

இல்லை. வீட்டுக் கணக்கெடுப்புகள் அங்கே வாழ்ந்த எல்லோரின் சாவையும் எண்ணின. ஆயுதம் ஏந்தியவரா இல்லையா என்று கேட்கவில்லை. போர் நடக்கும் தெருவில் ஒரு தாயிடம், உங்கள் மகன் போராளியா என்று கேட்டால் அவருக்கும் ஆபத்து, கேட்பவருக்கும் ஆபத்து. அமைச்சக ஆய்வில் பணியாற்றிய ஒருவர் 2007இல் வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். அந்தச் சூழலில் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

ஆகவே "ஆறரை லட்சம் பொதுமக்கள்" என்று எழுதுவது பிழை. பொதுமக்களை மட்டும் பிரித்து எண்ணுபவை முன்பு சொன்ன பத்திரிகைப் பட்டியலும் ராணுவக் குறிப்புகளும். ராணுவக் குறிப்பில் யார் எதிரி, யார் பொதுமகன் என்று எழுதியவர் சுட்டவர் தரப்பு என்பதையும் மறக்கக் கூடாது.

மிகை இறப்பு என்றால் படையெடுத்தவர்கள் கொன்றது என்று பொருளா?

அல்ல. 2006 ஆய்வில் வன்முறைச் சாவுகளில் 31 சதவீதத்தைத்தான் குடும்பத்தினர் கூட்டணிப் படைகள்மீது சுமத்தினார்கள்; ஏறத்தாழ பாதிச் சாவுகளில் கொன்றவர் யாரென்றே தெரியவில்லை. மதக் குழுக்களின் ஆயுதப் படைகள், தற்கொலைத் தாக்குதல்கள், கடத்தல் கும்பல்கள் எல்லாம் அதில் உண்டு. கையால் கொன்றவர் யார் என்பது ஒரு கேள்வி. காவலையும் நிர்வாகத்தையும் கலைத்துவிட்டு, நாட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் யார் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு 31 சதவீதம் போன்ற எண்கள் உதவும். இரண்டாவதற்குச் சட்டமும் வரலாறும்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு லான்செட் ஆய்வுகளும் அமெரிக்கத் தேர்தலுக்குச் சற்று முன் வெளிவந்தன. இது அரசியல் அல்லவா?

ஆம், 2004லும் 2006லும் அக்டோபரில் வெளிவந்தன. இரு முறையும் நவம்பரில் தேர்தல். வாக்காளர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கு இருந்தது. வெளியிட்ட நாளை வைத்து வீட்டுக்குள் இறந்தவர்களின் எண்ணிக்கையை மாற்ற முடியாது. சந்தேகப்படுங்கள், ஆனால் மாதிரியையும் கேள்வித்தாளையும் பார்த்துச் சந்தேகப்படுங்கள்.

காங்கோவில் 54 லட்சம் என்கிறார்கள். அதுவும் இதே முறைதானா?

அதே முறை, அதே பலவீனம். சர்வதேச மீட்புக் குழு 1998 முதல் 2007 வரை 54 லட்சம் மிகை இறப்பு என்று மதிப்பிட்டது. அதில் "முன்" விகிதம் காங்கோவில் அளக்கப்பட்டதல்ல. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் சராசரியான மாதத்துக்கு ஆயிரத்துக்கு 1.5 என்பதைக் கடன் வாங்கினார்கள். போருக்கு முன்பே காங்கோ அந்தச் சராசரியைவிட மோசமான நிலையில் இருந்தது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். 1.5க்குப் பதில் 2.0 என்று வைத்தால், 2001க்குப் பிந்தைய பகுதிக்கான மதிப்பீடு சுமார் 28 லட்சத்திலிருந்து 9 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அரைப் புள்ளி மாற்றம், பத்தொன்பது லட்சம் உயிர்களின் வேறுபாடு.

படிக்கும்போது அலகைக் கவனியுங்கள். இங்கே விகிதம் மாதத்துக்கு, ஈராக்கில் ஆண்டுக்கு. அகதி முகாம்களில் நாளுக்குப் பத்தாயிரத்துக்கு ஒன்று என்பது அவசரநிலையின் வாசல். அது ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 36.5. அலகைப் பார்க்காமல் ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

உக்ரைனில் பதிவேடு நன்றாக இருக்கிறதே. அங்கே இந்தக் குழப்பம் வராதல்லவா?

வேறு குழப்பம் வரும். உக்ரைனில் 2019இல் சுமார் 5.81 லட்சம் பேர் இறந்தார்கள். கொரோனாவால் 2021இல் அது சுமார் 7.14 லட்சமானது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தது. அந்த ஆண்டு பதிவான சாவுகள் 2021ஐவிடக் குறைவு. பெருந்தொற்று தணிந்தது, லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளின் சாவுகள் உக்ரைனின் பதிவேட்டுக்கு வரவில்லை. மேலோட்டமாகப் படிப்பவர் படையெடுப்பால் சாவு குறைந்தது என்று முடிவு கட்டிவிடலாம். எந்த ஆண்டை "முன்" என்று எடுப்பது, யாரை மக்கள்தொகையில் சேர்ப்பது என்று மேலே பார்த்தவை எல்லாம் இங்கேயும் திரும்பி வருகின்றன.

பொதுமக்கள் சாவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எண்ணும் ஐ.நா. மனித உரிமை அலுவலகம், 2023 நவம்பரில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. உண்மை எண்ணிக்கை கணிசமாக அதிகம் என்று ஒவ்வொரு அறிக்கையிலும் அதுவே சொல்கிறது. மரியுபோல் போன்ற நகரங்களுக்குள் போய்ச் சரிபார்க்க அதற்கு வழி இருக்கவில்லை.

எல்லாம் சரி, கடைசியில் நான் என்ன எண்ணைச் சொல்வது?

ஈராக்குக்கு, 2006 நடுப்பகுதி வரை வன்முறையில் மட்டும் ஒன்று முதல் இரண்டு லட்சம் பேர் வரை இறந்திருக்கக்கூடும், அதற்கும் மேலாக இருக்கவும் வாய்ப்புண்டு என்று நான் சொல்வேன். 2011 வரை எல்லாக் காரணங்களும் சேர்ந்து ஏறத்தாழ 4 லட்சம் மிகை இறப்பு என்று 2013 ஆய்வு சொன்னதை, அதன் இடைவெளியோடு சேர்த்தே சொல்வேன்: 48,000 முதல் 7,51,000 வரை. எந்தக் காலம், எந்த வகைச் சாவு, யாரைச் சேர்த்தது என்ற மூன்றையும் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்ல மாட்டேன்.

குடும்பம் முழுவதும் இறந்துபோன வீட்டில் யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

யாரும் இல்லை. கதவைத் தட்டிக் கேட்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் அந்த வீடு ஆளில்லாத வீடு. குழு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நாட்டைவிட்டு ஓடியவர்களும் அப்படித்தான். சுமார் 20 லட்சம் ஈராக்கியர்கள் அண்டை நாடுகளுக்குப் போனார்கள், அவர்களில் பலர் சாவைக் கண்டு ஓடியவர்கள். 2013 ஆய்வு மட்டும் வெளியேறிய குடும்பங்களின் சாவுகளுக்கென்று சுமார் 55,000ஐத் தனியாக மதிப்பிட்டுச் சேர்த்தது. அதனால்தான் அந்த ஆய்வை ஏறத்தாழ அரை மில்லியன், அதாவது ஐந்து லட்சம் என்று குறிப்பிடுகிறார்கள். ஒருவரும் மிஞ்சாத வீடுகளுக்கு அப்படி ஒரு வரி எந்த ஆய்வின் அட்டவணையிலும் இல்லை.